இறங்கும் ஆணையும் ஏறும் தகவலும்: சென்னை மாகாணக் காவல்துறைப் படிநிலைகளில் தகவல் தொடர்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

காவல்துறை படிநிலைகளால் ஆன அமைப்பு. அதில் ஆணை மேலிருந்து கீழே இறங்குகிறது. தகவல் கீழிருந்து மேலே ஏறுகிறது. இவ்விரு போக்குகளும் ஒரே பாதையில் இயங்குவதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சென்னை மாகாணத்தில் ஆணை இறங்கும் வழி 1859-இலேயே ஒற்றை வழியாக வகுக்கப்பட்டது. தகவல் ஏறும் வழியோ, இடைநிலை ஒன்றில் தடைப்படும்போதெல்லாம் அந்நிலையைச் சுற்றிச் செல்லும் மாற்று வழிகளால் திருத்தப்பட்டு வந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: சென்னை மாகாணக் காவல்துறை, படிநிலை, முதல் தகவல் அறிக்கை, கிராம முனிசீப், தகவல் தொடர்பு.

1. முன்னுரை

காலனியக் காவல்துறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதிகாரத்தையும் ஒடுக்குமுறையையும் மையமாகக் கொண்டவை. டேவிட் அர்னால்டு 1986-இல் வெளியிட்ட சென்னை மாகாணக் காவல்துறை பற்றிய நூல் அவற்றுள் முதன்மையானது. அவ்வதிகாரம் எந்தத் தகவலைக் கொண்டு இயங்கியது, அத்தகவல் யார் கை வழியே மேலே சென்றது என்னும் வினாக்கள் தனியே ஆராயத்தக்கவை. ஊரில் நடந்த குற்றத்தை முதலில் அறிபவர் கடைநிலைக் காவலரோ ஊர்ப் பணியாளரோ ஆவார். அதன்மேல் முடிவெடுப்பவரோ பல படிகள் மேலே இருப்பவர். இவ்விடைவெளியைக் கடக்கும் முறையே ஒரு புகாருக்குச் செவி கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

2. ஒரே கையில் இரு அதிகாரம்

1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதி, காவல் பணியை வருவாய் நிர்வாகத்துடன் இணைத்தது. மாவட்டத்தில் ஆட்சியரே மாஜிஸ்திரேட். தாலுகாவில் தாசில்தாரே காவல் தலைவர். ஊரில் கிராமத் தலைவரும் தலையாரியும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள். வரி வசூலித்தவர்களே குற்றத்தையும் விசாரித்தனர்.

இவ்வமைப்பில் தகவல் ஏறும் வழி ஒன்றே. வரி வசூலின்போது துன்புறுத்தப்பட்ட குடியானவர், துன்புறுத்தியவரிடமோ அவருடைய மேலாளரிடமோதான் முறையிட வேண்டியிருந்தது. அவர்களைத் தாண்டி ஆட்சியரை அடைய நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். சித்திரவதை பற்றி விசாரிக்க 1854-இல் அமைக்கப்பட்ட ஆணையம் 1855-இல் அளித்த அறிக்கை, வரி வசூலிலும் குற்ற ஒப்புதல் பெறுவதிலும் துன்புறுத்தல் நிலவியதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டோர் நிவாரணம் பெறுவதிலிருந்த இடர்ப்பாடுகளையும் எடுத்துக்காட்டியது. ஊரளவில் அறியப்பட்ட ஒன்று மேலிடத்தை எட்டத் தனி ஆணையமே தேவைப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

3. 1859: ஆணையின் ஒற்றை வழி

1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் காவல் பணியை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. வில்லியம் ராபின்சன் தலைமையில் மாகாணம் முழுமைக்குமான காவல் படை உருவாயிற்று. காவல்துறைத் தலைவர், மாவட்டக் கண்காணிப்பாளர், ஆய்வாளர், தலைமைக் காவலர், காவலர் என்று ஆணை இறங்கும் வழி தெளிவாக வரையறுக்கப்பட்டது. 1860-இல் அமைக்கப்பட்ட அனைத்திந்தியக் காவல் ஆணையத்திலும் ராபின்சன் உறுப்பினராக இருந்தார்.

ஆயினும், ஊரில் நடப்பதை அறிந்திருந்த கிராம முனிசீப்பும் தலையாரியும் புதிய படைக்குள் வரவில்லை. அவர்கள் வருவாய்த்துறையின் கீழேயே நீடித்தனர். எனவே ஆணையின் ஏணி காவலரோடு முடிந்தது. தகவலின் ஏணியோ அதற்கும் கீழே, வேறொரு துறையின் பணியாளரிடம் தொடங்கியது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 45-இன் வழி, குறிப்பிட்ட குற்றங்களையும் ஐயத்திற்குரிய இறப்புகளையும் கிராமத் தலைவர்கள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பதைக் கடமையாக்கியது. படைக்கு வெளியே இருந்தவரைச் சட்டக் கடமையின் மூலம் தகவல் வழியில் இணைக்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

4. எழுத்தில் ஏறிய தகவல்

வாய்மொழிச் செய்தி படிதோறும் திரிபடையக்கூடியது. 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், நிலைய அதிகாரியிடம் வரும் புகாரை எழுத்தில் பதிய வேண்டும் என்றது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 154-ஆம் பிரிவில், எழுதியதைத் தகவல் தந்தவருக்குப் படித்துக்காட்டி அவரது கையொப்பம் பெறும் விதி இடம்பெற்றது. இன்று முதல் தகவல் அறிக்கை எனப்படும் ஆவணம் இதுவே.

அடுத்துள்ள இரு பிரிவுகள் ஆய்வுக்கு இன்னும் இன்றியமையாதவை. 157-ஆம் பிரிவின்படி, நிலைய அதிகாரி புலனாய்வுக்குரிய குற்றம் பற்றி மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அறிக்கை அனுப்ப வேண்டும். 158-ஆம் பிரிவின்படி, அரசு பணித்தால் அவ்வறிக்கை மேலதிகாரி வழியாகச் செல்லலாம். ஆனால் அவர் தரும் அறிவுறுத்தல்களை அவ்வறிக்கையிலேயே பதிந்து காலம் தாழ்த்தாது அனுப்ப வேண்டும். மேலதிகாரியின் தலையீட்டைச் சட்டம் தடுக்கவில்லை. அத்தலையீடு தாளில் தெரிய வேண்டும் என்றே வற்புறுத்தியது.

இதே காலத்தில் காவலரின் சொல்லைச் சட்டம் ஐயத்தோடும் நோக்கியது. காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என்று 1861-ஆம் ஆண்டுச் சட்டமும் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் விதித்தன. காவலர் அறிந்தது மேலே செல்லலாம். அதில் ஒரு பகுதி நீதிமன்ற வாயிலில் நின்றுவிடும்.

5. இடைநிலையும் தனி வழியும்

ஆன்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான 1902–03-ஆம் ஆண்டுக் காவல் ஆணையம், காவல்துறையின் திறமைக்குறைவையும் ஊழலையும் கடுமையாகச் சாடியது. புலனாய்வைக் கடைநிலைக் காவலரிடம் விடலாகாது என்றும், நிலையப் பொறுப்பை உதவி ஆய்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதனால் ஊரின் செய்தியைத் திரட்டுபவர் ஒருவர், அதனை எழுதுபவர் மற்றொருவர் என்னும் பிரிவு ஆழமாயிற்று.

மாகாணந்தோறும் குற்றப் புலனாய்வுத் துறை அமைக்க வேண்டும் என்பதும் அவ்வாணையத்தின் பரிந்துரையே. அரசியல் செய்திகளையும் மாவட்ட எல்லை கடந்த குற்றங்களையும் பற்றிய தகவல் மாகாணத் தலைமையில் ஒன்றுதிரள இதனால் வழி ஏற்பட்டது. அரசுக்கு வேண்டிய தகவலுக்குத் தனி வழி கிடைத்தது. குடிமக்கள் தரும் புகாரோ நிலைய வாயிலிலேயே காத்திருந்தது.

6. விடுதலைக்குப் பின்

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இக்குறையை ஓரளவு களைந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தகவல் தந்தவருக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்றது. நிலைய அதிகாரி பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை அஞ்சல் வழியே கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் எனப் பிரிவு 154(3) இசைந்தது. நிலையப் படியைத் தாண்ட ஓர் அஞ்சல்தலை போதும் என்னும் நிலை உருவாயிற்று. புலனாய்வுக்குரிய குற்றம் பற்றிய தகவலைப் பதிவது கட்டாயம் என 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வகை வழக்குகளில் மட்டும் முதனிலை விசாரணைக்கு இடமளித்தது.

ஆனால் நிலைய அளவில் தகவல் தங்கும் இடங்கள் மறையவில்லை. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மனுவைச் சமூகப் பணிப் பதிவேட்டில் பதிந்து ரசீது வழங்கும் வழக்கம் உள்ளது. சிறு பூசல்களைத் தீர்க்க அது உதவலாம். எனினும் அப்பதிவு முதல் தகவல் அறிக்கை அன்று. மாஜிஸ்திரேட்டைச் சென்றடையும் கடப்பாடு அதற்கில்லை. கையில் ரசீது பெற்றவரின் சொல் உண்மையில் நிலையத்தைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை.

படைக்கு வெளியிலுள்ள பழைய வழியும் தொடர்கிறது. பரம்பரைக் கிராம அதிகாரி முறை 1980–81-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. அடையாளம் தெரியாத பிணம் பற்றிப் புகார் தருபவர் பல வழக்குகளில் அவரே. கொலை வழக்குகளில் எதிரி அவர்முன் தோன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறப்படுவதும் தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி காணப்படுகிறது. நீதிமன்றங்கள் இதனை எச்சரிக்கையுடன் ஆராய்கின்றன. காவலரிடம் சொன்னால் சான்றாகாத சொல், வருவாய் அலுவலர் வழியே நீதிமன்றத்தை எட்ட முயல்கிறது. 1859-இல் பிரிக்கப்பட்ட இரு துறைகளும் தகவலின் தேவையால் மீண்டும் சந்திக்கின்றன எனலாம்.

7. முடிவுரை

ஆணைக்கு மேலிடத்தின் அதிகாரம் துணை நிற்கிறது. தகவலுக்கு அத்தகைய துணை இல்லை. அது ஒவ்வொரு படியிலும் அங்குள்ளவரின் மனத்தையும் நலனையும் சார்ந்தே மேலேறுகிறது. எழுத்துப் பதிவு, மாஜிஸ்திரேட்டுக்கான அறிக்கை, கண்காணிப்பாளருக்கான அஞ்சல் ஆகியவை ஒவ்வொன்றும் இடையிலுள்ள ஒருவரை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காக எழுந்தவை. ஆகவே காவல்துறைத் தகவல் தொடர்பை மதிப்பிட, ஆணை எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதை மட்டும் நோக்குவது போதாது; நிலையத்தில் மறுக்கப்பட்ட ஒரு புகார் மேலேற எத்தனை வழிகள் திறந்துள்ளன என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். சமூகப் பணிப் பதிவேடுகளை முதல் தகவல் அறிக்கைகளோடு ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.