கழிவை எடைபோட்ட மருத்துவர்

மலங்கழித்தலைப் பற்றியும் அச்சில் எழுதவேண்டுமா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. உண்ட உணவு வயிற்றுக்குள் சென்று பின்னர் வெளியேறிவிடுவதை, மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசுவே கூச்சமின்றிச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்தக் கூச்சத்தை விட்டொழித்த ஒரு மருத்துவரின் வரலாறு இது.

டெனிஸ் பர்கிட் 1911இல், இன்றைய வட அயர்லாந்தில் பிறந்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். 1946இல் உகாண்டாவுக்குச் சென்று, பின்னர் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். அங்குக் குழந்தைகளின் தாடையைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோயை அவர் 1958இல் விவரித்தார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தப் புகழுடன் 1966இல் இலண்டன் திரும்பியவர், அத்துடன் அமைதியாக இருந்திருக்கலாம்.

ஆனால் அவர் கடற்படை மருத்துவர் கிளீவ் என்பவரைச் சந்தித்தார். இரண்டாம் உலகப் போரின்போது மாலுமிகளின் மலச்சிக்கலைத் தீர்க்கப் போர்க்கப்பலில் மூட்டை மூட்டையாகத் தவிட்டை ஏற்றச் செய்தவர் இவர். சுத்திகரித்த மாவும் சர்க்கரையுமே மேலை நாட்டு நோய்கள் பலவற்றுக்கு வேர் என்பது இவருடைய வாதம். மருத்துவ உலகம் இவரை விசித்திர மனிதராகவே பார்த்தது. பர்கிட் மட்டும் செவிசாய்த்தார். மூலநோய், குடல்வால் அழற்சி, பெருங்குடலின் சுவர் பைபையாகப் பிதுங்கும் நோய் என்று கிளீவ் அடுக்கியவை யாவும் இங்கிலாந்தின் மருத்துவமனைகளை நிறைத்திருந்தன. உகாண்டாவிலோ அவற்றை அவர் அரிதாகவே கண்டிருந்தார். வராத நோயை எவரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. எனவே ஆப்பிரிக்காவின் மறைப்பணி மருத்துவமனைகளுக்குக் கடிதங்கள் எழுதி, எந்நோய் வருகிறது, எந்நோய் வருவதேயில்லை என்று கேட்டறிந்தார்.

அடுத்துச் செய்ததுதான் துணிவான செயல். எக்ஸ் கதிரில் தென்படும் சிறு மணிகளை மக்கள் விழுங்கினர். அவர்கள் கழித்த மலம் பைகளில் சேகரிக்கப்பட்டு எடைபோடப்பட்டது. மணிகள் வெளிவர எத்தனை மணி நேரமாயிற்று என்றும் கணக்கிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் வாக்கர், இங்கிலாந்தின் பெயின்டர் ஆகியோருடன் இணைந்து பர்கிட் இம்முடிவுகளை 1972இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். பிரிட்டிஷ் கடற்படையினர் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 100 கிராம் கழித்தனர். உணவு குடலைக் கடக்க மூன்று நாளுக்கும் மேலாயிற்று. உகாண்டாவின் கிராமத்தவரோ 470 கிராம் அளவுக்குக் கழித்தனர். ஒன்றரை நாளே போதுமாயிருந்தது. வாழைக்காயும் கிழங்கும் அவரையும் தானியமும் உண்ட ஏழை உழவரின் குடல், வெள்ளை ரொட்டி உண்டவரின் குடலைவிடச் செம்மையாக இயங்கியது! ஆப்பிரிக்காவுக்கு நலவாழ்வு கற்பிக்கச் சென்றோர், அம்மக்களிடமிருந்தே கற்கவேண்டியதாயிற்று. அந்தக் கிராமத்தவரின் பெயர்கள் மருத்துவ வரலாற்றில் இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பர்கிட் சற்று அவசரப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரு மக்களிடையே உணவு மட்டுமா வேறுபட்டது? உழைப்பும் வயதும் வாழ்க்கைமுறையும் வேறல்லவா? 2000ஆம் ஆண்டில் வெளியான இரு பெரிய அமெரிக்க ஆய்வுகளில், நார்ச்சத்தைக் கூட்டியும் பெருங்குடலில் கட்டிகள் மீண்டும் தோன்றுவது குறையவில்லை. ஆயினும், பற்பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் அதே 'லான்செட்' இதழில் வெளியான அறிக்கை, நார்ச்சத்தை மிகுதியாக உண்பவரிடையே இதயநோயும் நீரிழிவும் பெருங்குடல் புற்றும் குறைவு என்று கண்டு, நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை தக்க அளவெனக் கூறியது. பர்கிட் 1993இலேயே மறைந்துவிட்டார்.

தீட்டிய தானியத்தின் தீங்கைப் பற்றிய கேள்வி நமது நீலகிரியிலும் முன்பே எழுந்ததுண்டு. இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வு நடத்தி, உயிர்ச்சத்து அழியுமாறு மிகுசூட்டில் பதப்படுத்திய அரிசியைக் குரங்குகளுக்கு அளித்தபோது, அவற்றின் குடல் புண்பட்டு வயிற்றுப்போக்கு கண்டது. அவர் தேடியது உயிர்ச்சத்தை; பர்கிட் தேடியது நாரை. எனினும் தானியத்தின் உமிக்கடியில் இருக்கும் தவிட்டில் இவ்விரண்டுமே உண்டு. மெக்காரிசனின் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அவர் குன்னூரில் இருந்த காலத்தில்தான் நம் ஊர்களில் அரிசி ஆலைகள் பெருகின. உரலில் குத்திய அரிசியோடு ஒட்டியிருந்த தவிடு, மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று.