வன்மர ஏற்றுமதிப் புள்ளிவிவரம்: இலங்கை (ஊவா) – மியன்மார்

வெப்பமண்டல வன்மர வணிகத்தில் இவ்விரு நாடுகளும் நேரடி ஒப்பீட்டுக்குப் பொருந்தாதவை. மியன்மாரின் பெயர் தேக்கால் நிலைத்தது. இலங்கையின் பழைய புகழ் கருங்காலிக்கும் முதிரைக்கும் உரியது. இவை ஊவா மாகாணத்தின் தாழ்நிலமான மொனராகலை, பிபிலைப் பக்கத்துக் காடுகளிலும் வளர்பவை. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டதால் இலங்கை இன்று பெருமளவு இறக்குமதி நாடு. மியன்மார் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகவே, அந்த ஆண்டைத் தாண்டி இழுத்த எந்த ஏற்றுமதிப் போக்குக் கோட்டையும் ஐயத்தோடே படிக்க வேண்டும்.

அலகுகளே பெரிய பொறி. பர்மியத் தேக்கு ஹோப்பஸ் டன்னில் அளக்கப்பட்டது. ஒரு டன் 50 ஹோப்பஸ் கன அடி, அதாவது சுமார் 1.8 கன மீட்டர். இம்முறை மரத்தின் சுற்றளவில் கால்பங்கை எடுத்து வர்க்கமாக்குவதால், உண்மைக் கன அளவில் ஏறத்தாழ 21 விழுக்காடு விடுபடும். சுங்கப் பதிவுகளிலோ எடையும் பெறுமதியுமே முன்னிற்கும்.

ஊவாவின் பதுளை, பண்டாரவளைத் தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் யூக்கலிப்டஸும், தேயிலைக்கு நிழல்தரும் கிரவில்லியாவும். இவை தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கும் உள்ளூர் மரஆலைக்கும் போகின்றன. ஏற்றுமதிக் கணக்கில் தென்படுவது அரிது. யூக்கலிப்டஸ் உருட்டுமரத்துக்கு 2017 முதல் 4403.98 என்ற தனிச் சுங்கக் குறியீடு உண்டு. அது வெப்பமண்டல மர வகுப்புக்கு வெளியே உள்ளது.