கோட்டை போனது, கல்லறை நின்றது: பழவேற்காட்டு இடிபாடுகள் பார்வைக்கு வந்த வரலாறு

இத்தாலியின் காப்ரித் தீவில், கடலிலிருந்து 334 மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்துப் பாறை விளிம்பில், வில்லா யோவிஸ் என்ற ரோமானிய மாளிகையின் இடிபாடு கிடக்கிறது. பேரரசர் திபேரியஸ் கி.பி. 27 முதல் தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டை இந்தத் தீவில்தான் கழித்தார். ஊற்று இல்லாத உச்சி. ஆகவே மாளிகையின் நடுப்பகுதி முழுவதும் மழைநீர்த் தொட்டிகள். இன்று சீட்டு வாங்கிக்கொண்டு மலையேறும் பயணிகள் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தொட்டிகளைத்தான். இந்த இடிபாடு பார்வைக்குரியதாக ஆனது ஒரே நாளில் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹத்ராவா என்ற ஆஸ்திரியத் தூதரக அலுவலர் தோண்டிப் பளிங்கைப் பெயர்த்தெடுத்தார். 1827இல் ஃபியோலா ஓரளவு முறையாகத் தோண்டினார். 1932-35இல் அமெதேயோ மையூரி முழுவதையும் திறந்தார். முதலில் எடுத்துச் செல்பவர், அடுத்துப் பதிவு செய்பவர், பிறகு அகழ்பவர், கடைசியாகப் பயணி என்ற வரிசை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

அந்த வரிசையை நம் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரிக்கமேடுவரை போக வேண்டியதில்லை. அத்திப்பட்டு நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டி ஏறினால் புதுநகர், நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டிப் பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே பேருந்தில் பழவேற்காடு. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் முதல் தலைமையிடம் அது. இங்கே பாறை இல்லை, உயரம் இல்லை. உப்புநீர் ஏரியும் மணலும்தான். ஆனாலும் கடல் கடந்து வந்த ஓர் ஆட்சி எழுப்பிய கட்டடங்களின் மிச்சம் இங்கும் உண்டு. காப்ரியில் வாழ்ந்த இடம் எஞ்சியது. பழவேற்காட்டில் வாழ்ந்த இடம் போய்ப் புதைத்த இடம் எஞ்சியது. இந்த வேறுபாடே பழவேற்காட்டை யார் வந்து, எதைப் பார்த்து, எதைப் பார்க்காமல் போனார்கள் என்பதைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

(இரண்டு இடங்களுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் ரோமானியப் பணம் மணிக்கற்களுக்காக அயல்நாடுகளுக்குப் போய்ச் சேர்கிறது என்று கி.பி. 22இல் செனட் சபைக்குக் கடிதம் எழுதி நொந்துகொண்டவர் இதே திபேரியஸ். அவர் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. நோவுக்குக் காரணம் இருந்தது!)

டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தது. 1612 ஜூன் மாதம் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது. அதைக் கட்டிமுடித்த வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். சுற்றிலும் அகழி, உள்ளே கிடங்குகள், நாணயச் சாலை. ஊரில் வெடிமருந்து ஆலை. இங்கிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணி மலாய் உலகில் இன்றும் பெலிக்காட் என்றே விலைபோகிறது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. அதிலிருந்து பழவேற்காடு இரண்டாம்பட்ச ஊர்.

ஊரைப் பற்றி எழுதியவர்களின் வரிசை கோட்டை நிற்கும்போதே தொடங்கிவிட்டது. 1630களில் இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜெரியுஸ், பத்மநாபர் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அச்சான அந்த நூலில் பர்த்ருஹரியின் பாடல்கள் டச்சு மொழியில் இடம்பெற்றன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியதற்கு மிக முந்திய சான்றுகளுள் அது ஒன்று. அதன் பின்புலம் பழவேற்காடு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கற்களின் பக்கம் முதலில் திரும்பியவர் டேனியல் ஹவார்ட். சோழமண்டலக் கரையின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் பற்றி 1693இல் அவர் வெளியிட்ட நூலில் டச்சுக் கல்லறை வாசகங்களும் உண்டு. தலைமையிடம் போன மூன்றாவது ஆண்டிலேயே அந்தக் கரை ஒருவருக்கு ‘வீழ்ச்சி’யாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு கோட்டை கைமாறத் தொடங்கியது. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள்; சமாதானத்துக்குப் பின் திருப்பித் தந்தார்கள்; 1795இல் மீண்டும் பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோட்டையை இடித்துப் போட்டார்கள். 1818இல் டச்சுக்காரர்களிடம் ஊரை ஒப்படைத்தபோது அவர்கள் பெற்றுக்கொண்டது கோட்டை இல்லாத கோட்டையூர். 1824 லண்டன் ஒப்பந்தத்தின்படி அடுத்த ஆண்டே அதையும் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இடித்த செங்கல் எங்கே போகும் என்பது கரையோர ஊர்களில் யாரும் கேட்டு அறிய வேண்டிய விஷயமல்ல. மணலும் சேறுமான ஊரில் சுட்ட செங்கல் காசு. காப்ரியில் பளிங்கு பெயர்ந்ததற்கும் இங்கே செங்கல் பெயர்ந்ததற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை; அங்கே தூதரக அலுவலர் எடுத்தார், இங்கே குடித்தனக்காரர்கள் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். கல்லறைப் பலகைகள் அப்படியல்ல. ஆள் நீளக் கருங்கல், மேலே பெயர், அதன் கீழே பிணம். தூக்கவும் கடினம், வீட்டில் பதிக்கவும் மனம் வராது.

அந்தப் பலகைகளை அருகே குனிந்து பார்க்க வேண்டும். நம் கோயில் கல்வெட்டில் எழுத்து உள்ளே வெட்டப்பட்டிருக்கும். இங்கே பின்புலத்தைச் செதுக்கித் தள்ளி எழுத்தை மேலே நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்தை உள்ளே வெட்டுவதைவிடப் பல மடங்கு வேலை. இங்கே இன்னார் அடக்கம் என்று தொடங்கும் டச்சு வாசகம், வகித்த பதவி, இறந்த நாள், வயது ஆண்டு, மாதம், நாள் எனப் பிரித்து. தலைப்பகுதியில் குலச் சின்னம், தலைக்கவசம், இலைக்கொடி. அந்தக் கொடியின் வளைவைப் பார்த்தால் உளி பிடித்த கை எந்தக் கோயில் பணியில் பழகியது என்று ஊகிக்கலாம். சோழமண்டலக் கரையில் வெட்டிய இத்தகைய கற்கள் பத்தாவியாவரை (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறின. கல்லறைத் தோட்ட வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு உருவில் கற்சிற்பங்கள். உயிரின் நிலையாமையைச் சித்தர்கள் பாடிய நாட்டில் அதையே இப்படி எலும்பாக நிறுத்திவைத்தது உள்ளூர்க்காரர்களுக்கு வியப்பாக இருந்ததோ இல்லையோ, இன்று கைபேசியில் அதிகம் பிடிபடுவது அதுதான்.

இதையெல்லாம் அரசு நோக்கில் முதலில் அளந்து வரைந்தவர், ஆதிச்சநல்லூர் அகழாய்வால் நமக்குத் தெரிந்த அலெக்சாண்டர் ரீ. சென்னை மாகாணத்தில் டச்சு நிறுவனத்தின் நினைவுச்சின்னங்கள் பற்றிய அவருடைய நூல் 1897இல் வெளிவந்தது. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். இரண்டும் அருமையான உழைப்பு. ஆனால் இந்த நூல்களோடு பழவேற்காடு என்றால் கல்லறை என்ற பார்வை உறைந்துவிட்டது. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பும் கல்லறைத் தோட்டத்துக்கே வாய்த்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சின்னத்தை ஒட்டி வாழும் குடும்பங்கள் வீட்டுக்கு ஓர் அறை கூட்டுவதற்கும் இந்த எல்லையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கற்களை மட்டும் படிப்பதில் உள்ள குறையை எடுத்துக்காட்டியது ஆவணங்களைப் படித்த தலைமுறை. தபன் ராய்சவுத்ரி 1962இலும், யாழ்ப்பாணத்தவரான சின்னப்பா அரசரத்தினம் 1986இலும் வெளியிட்ட நூல்களில் இந்தக் கரையின் வணிகர்கள் மேலே வந்தார்கள். மலையா என்று டச்சு ஏடுகள் குறிக்கும் அச்சுதப்ப செட்டி, அவர் தம்பி சின்னண்ண செட்டி ஆகியோரின் கடனும் கப்பலும் சரக்கும் இல்லாமல் கெல்ட்ரியா ஒரு நாள்கூட ஓடியிருக்காது. அவர்களுக்கு இங்கே கல் இல்லை. 1622-23 பஞ்சத்தில் பெற்றோராலும் தரகர்களாலும் விற்கப்பட்டு, அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் இல்லை. ஐந்து மாதம் வாழ்ந்த ஒரு குழந்தைக்குக்கூட நாள்கணக்கில் வயது பொறிக்கும் அளவுக்கு நுணுக்கமான அந்தச் சமூகம், இவர்களைச் சரக்குக் கணக்கில் எழுதியது. கல்லறைத் தோட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்புபவர் பழவேற்காட்டின் பாதியைக்கூடப் பார்த்ததாகாது என்று சொல்வது இதனால்தான்.

பயணி எப்போது வந்தார்? 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டிய கால்வாய் பின்னர் பழவேற்காடு ஏரியோடு இணைந்தது. பக்கிங்காம் கால்வாய் என்று இன்று நாம் அறிவது அதைத்தான். சரக்குப் படகோடு ஆளும் போக வழி கிடைத்தது. பெருங்கூட்டம் வந்தது ரயிலும் பேருந்தும் பெருகிய பிறகுதான். அவர்கள் வந்ததும் ஏரிக்கு, பூநாரைக்கு, நண்டுக்கு, முகத்துவாரம்வரை படகுச் சவாரிக்கு. 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் உல்லாசப் படகுக்குத் தடை வந்தது. கரையிலேயே நின்றுவிட்ட கூட்டத்தில் சிலராவது கல்லறைப் பக்கம் திரும்பினார்கள் என்றால், அது வரலாற்று ஆர்வத்தால் மட்டும் அல்ல.

கோட்டைமேடு இப்போதும் முட்புதரும் அகழித் தடமுமாகக் கிடக்கிறது. மையூரி காப்ரியில் செய்ததுபோல மேடு முழுவதையும் திறந்த அகழாய்வு இதற்கு வாய்க்கவில்லை. அகழ்பவர் வராமலே பயணி வந்துவிட்ட இடம் இது. ரீயின் வரைபடங்கள் இருக்கின்றன. ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சு நிறுவனத்தின் ஏடுகள் இருக்கின்றன. இவற்றை மேட்டின் அளவோடு பொருத்திப் பார்த்தால் நாணயச் சாலையும் கிடங்கும் எங்கே நின்றன என்று தேடத் தொடங்கலாம். பெரிய செலவும் இல்லை. தெற்கே அத்திப்பட்டில் அனல்மின் நிலையங்களும் எண்ணூரில் 2001இல் நிலக்கரிக்கென்றே திறந்த காமராசர் துறைமுகமும் இருக்கின்றன. இந்த வட்டாரத் தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கு போதும். முதல் வேலை புதரை வெட்டுவதல்ல, அளப்பது.