நைனித்தால் ஏரியும் 1880ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையும்



விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம்மவருள் பலர் இப்போது தில்லிக்கும் ஆக்ராவுக்கும் அப்பால், இமயத்தின் அடிவார மலைகளையும் காண விரும்புகின்றனர். காட்கோதாம் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி, வளைந்தேறும் மலைச்சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் நைனித்தாலை அடையலாம். படகுச் சவாரியும் மால் சாலையும் உங்களை மகிழ்விக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த ஊரின் வரலாற்றை அறிந்து சென்றால் அதே ஏரி உங்களுக்கு வேறொன்றாகத் தெரியும். அதற்காகவே இந்தப் பதிவு.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,938 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த இயற்கை ஏரி இது. ‘தால்’ என்றால் ஏரி. ஏரியின் மேல்முனை மல்லித்தால், கீழ்முனை தல்லித்தால். சதி தேவியின் கண்கள் விழுந்த இடம் இதுவென்பது இந்து சமயத்தாரின் நம்பிக்கை. நைனா தேவி என்னும் பெயர் அதனின்று வந்தது. அத்திரி, புலஸ்தியர், புலகர் ஆகிய மூன்று முனிவர்களோடு இந்த நீரை இணைத்துக் கூறும் மரபும் உண்டு. ஆங்கிலேயர் வருமுன் இங்கே நகரம் இல்லை. ஆனால் மக்கள் வந்துகொண்டுதான் இருந்தனர்: ஆண்டுதோறும் தேவியின் விழாவுக்காகவும், கால்நடைகளின் மேய்ச்சலுக்காகவும்.

குமாவோன் பகுதி 1815இல் நேபாளத்து கூர்க்காக்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆணையராக இருந்த டிரெயில் இந்த ஏரியை அறிந்திருந்தும், மக்கள் அதைப் புனிதமாகப் போற்றியதை மதித்து வெளியாருக்கு வெளிப்படுத்தவில்லை என்பர். 1839இல் ஷாஜகான்பூரைச் சேர்ந்த சர்க்கரை வணிகர் பாரன் இங்கு வந்தார். கண்டதைப் புகழ்ந்து எழுதினார். அவர் எழுதிய பயண நூல் 1844இல் வெளிவந்தது. அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘பில்கிரிம்’, அதாவது திருப்பயணி. தாம் கட்டிய வீட்டுக்கும் ‘பில்கிரிம் லாட்ஜ்’ என்றே பெயரிட்டார்.

இந்தத் ‘திருப்பயணி’ நிலத்தைப் பெற்ற விதம் பற்றி ஒரு செய்தி உண்டு. ஏரியும் சுற்று நிலமும் நர் சிங் என்னும் உள்ளூர்த் தலைவருக்கு உரியவை. அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். பாரன் 1842இல் மலைமீது கொண்டுவந்த படகில் அவரை ஏற்றிக்கொண்டு ஏரியின் நடுவே சென்று, உரிமையைத் துறந்து கையெழுத்திடாவிட்டால் நீரில் தள்ளிவிடுவதாக அச்சுறுத்தினாராம். நீச்சல் அறியாத அந்த மனிதர் கையெழுத்திட்டார். இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே பலர் எழுதிச் சென்றுள்ளனர். ஆனால், ஆகாபு மன்னன் விரும்பிய நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவில் கொண்டவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இன்று நாம் படகில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் அதே நீரின்மேல்தான் ஒரு மனிதர் தம் நிலத்தை இழந்தார்.

பின்னர் நகரம் விரைவாக வளர்ந்தது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1844இல் இங்கு வந்தார். காட்டோரத்தில் அவர் தெரிவு செய்த இடத்தில் எழுந்த ‘வனாந்தரத்துப் புனித யோவான்’ ஆலயம் 1848இல் திறக்கப்பட்டது. 1857 கிளர்ச்சியின்போது சமவெளியிலிருந்து தப்பிய ஐரோப்பியர் இங்கே அடைக்கலம் புகுந்தனர். பரேலியிலிருந்து வந்த அமெரிக்க மெத்தடிஸ்டு போதகர் வில்லியம் பட்லரும் அவர்களுள் ஒருவர். 1862இல் நைனித்தால் வடமேற்கு மாகாணங்களின் கோடைத் தலைநகரானது. ‘ராம்னி’ என்று ஊரார் அழைக்கும் புனித மரியாள் கன்னியர்மடப் பள்ளி 1878இல் தோன்றியது.

மலை தாங்குமா என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவில்லை. ஆல்மா குன்றில் 1866இலேயே நிலம் சரிந்தது. 1879இல் மீண்டும் சரிந்தது. மலை இருமுறை எச்சரித்தது.

1880 செப்டம்பர் 18, சனிக்கிழமை. முந்தைய இரு நாள்களாக ஓயாத மழை. காலையில் விக்டோரியா விடுதியின் பின்புறச் சரிவு பெயர்ந்து சிலரை மூடியது. அவர்களை மீட்க அலுவலரும் படைவீரரும் தொழிலாளரும் விரைந்து வந்து மண்ணைத் தோண்டினர். பிற்பகல் ஒன்றரை மணியளவில், அவர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோதே, மேலிருந்த மலைப்பகுதி முழுவதும் பெயர்ந்து இறங்கியது. விடுதியும் கடைகளும் ஏரிக்கரையிலிருந்த பொது மண்டபமும் நைனா தேவி கோவிலும் நொடிப்பொழுதில் மறைந்தன. இறந்தோர் 151 பேர்: 108 இந்தியர், 43 ஐரோப்பியரும் ஐரோப்பிய வழித்தோன்றல்களும்.

இந்த எண்ணிக்கையில் சற்று நில்லுங்கள். இறந்தவர்களுள் பலர் பிறரைக் காப்பாற்றச் சென்றவர்கள். நாற்பத்து மூவருள் பலரின் பெயர்களை வரலாற்று நூல்களில் காணலாம். புனித யோவான் ஆலயத்தில் பித்தளை நினைவுத் தகடும் உள்ளது. ஆனால் நூற்றெட்டுப் பேர் பெரும்பாலும் ஓர் எண்ணாகவே நின்றுவிட்டனர். மண்வெட்டியோடு வந்த கூலியாளின் பெயரை எழுதி வைக்க அன்று எவரும் முனையவில்லை. மனிதர் எழுதாத பெயர்களைக் கடவுள் மறப்பதில்லை என்பது நமது நம்பிக்கை. அதற்காக மனிதரின் மறதி நியாயமாகிவிடாது.

மண் மூடிய நிலம் இன்று மல்லித்தாலில் ‘ஃப்ளாட்ஸ்’ என்னும் விளையாட்டுத் திடலின் ஒரு பகுதி. சிறுவர் பந்தாடும் அத்திடலின் ஓரத்தில், 1883இல் மீண்டும் எழுந்த நைனா தேவி கோவில் நிற்கிறது. பின்னாளில் வேட்டைக்காரராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற ஜிம் கார்பெட் இந்த ஊரில் 1875இல் பிறந்தவர். பேரழிவின்போது ஐந்து வயதுச் சிறுவர். அவர் குடும்பம் பின்னர் ஏரியின் எதிர்ப்புறத்து அயர்பட்டாச் சரிவில் வாழ்ந்தது. அந்தக் ‘கர்னி ஹவுஸ்’ இன்றும் உள்ளது.

சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவரைவிடப் பாவிகளா என்று ஆண்டவர் இயேசு கேட்டார். இல்லை என்று அவரே விடை கூறினார். பேரழிவில் மாண்டோரின் பாவத்தைத் தேடுவது நம் வேலையன்று. உயிரோடு இருப்பவர் மனம் மாறினரா என்பதே கேள்வி. நைனித்தாலில் ஓரளவு மாறினர். மழைநீர் மண்ணுக்குள் ஊறிச் சரிவைத் தளர்த்தாமல் இறங்கி ஏரியைச் சேர, மலையெங்கும் கல்வடிகால்கள் அமைத்தனர். ஊரைக் காத்தது அந்த எளிய கட்டுமானமே.

ஆனால் மனமாற்றம் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. வடிகால்கள் பல குப்பையாலும் கட்டடங்களாலும் அடைபட்டன. ஏரிக்கு நிலத்தடியே நீரூட்டும் சூகாதால் பள்ளத்திலும் கட்டடங்கள் பெருகின. 2017 கோடையில் ஏரியின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்து கரைமண் வெளியே தெரிந்தது. 2018 ஆகஸ்டில் கீழ் மால் சாலையின் ஒரு பகுதி இடிந்து ஏரிக்குள் விழுந்தது. ஊர் மக்கள் குடிப்பது இந்த ஏரியின் நீரையே. நாம் இரண்டு நாள் தங்கும் விடுதியின் குழாயில் வருவதும் அதுவே.

ஆகவே, அங்கு செல்வோரிடம் என் வேண்டுகோள் சிறியது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். வடிகாலில் ஒரு நெகிழிப் புட்டியும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளாட்ஸ் திடலில் ஒரு நிமிடம் அமைதியாக நின்று, அந்த நூற்றைம்பத்தொரு பேருக்காகவும், குறிப்பாகப் பெயர் எழுதப்படாதவர்களுக்காகவும் செபியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நர் சிங்கின் பெயரையும் சொல்லுங்கள். பாரன் புனைபெயராகச் சூடிக்கொண்ட சொல்லுக்கு உரியவர், போன இடத்தைத் தமதாக்கிக்கொள்ளாமல் திரும்புகிறவரே.

இறைவன் உங்கள் பயணங்களைக் காப்பாராக.