யார் கை முந்தியது?

எங்கள் தகப்பனார் விட்டுப் போன சொத்தில் எனக்கும் என் தமக்கைக்கும் சண்டையே வரவில்லை. காரணம், அவர் விட்டுப் போனது பெரும்பாலும் புத்தகங்கள். பாதி கும்பகோணத்தில் என்னிடம் இருக்கிறது. மீதி கோயம்புத்தூரில் அக்கா வீட்டில். எது யாரிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு ஜாபிதா வேண்டும் என்று அக்காவின் பிள்ளை ஆசைப்பட்டான். கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தன் அல்லவா? ஜாபிதாவை எங்கோ கண்காணாத தூரத்தில் உள்ள ஒரு வாடகை டேட்டாபேஸில் வைத்துவிட்டான். அக்கா அங்கிருந்து எழுதலாம். நான் இங்கிருந்து திருத்தலாம்.

ஏற்பாடு பிரமாதம். ஆனால் ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கப் போனால் அடிக்கடி திரையில் ஓர் அறிவிப்பு வந்து வழி மறிக்கும். நான் திருத்தத் தொடங்கிய பிறகு அந்தப் பதிவை வேறொருவர் மாற்றியிருக்கிறாராம். அவர் எழுதியதன் மேல் என்னுடையதை எழுதிவிடலாமா, அல்லது என் திருத்தத்தைக் கைவிடுகிறேனா என்று கேள்வி. இரவு பதினொரு மணிக்கு, அக்கா தூங்கி வெகு நேரம் ஆன பிறகு, வேறொருவர் யார்? நாலு நாள் பயந்தேன். ஐந்தாம் நாளிலிருந்து, படித்துக்கூடப் பார்க்காமல் "மேலே எழுது" என்ற பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் பகலில் ஒரு புத்தகத்தின் பதிவைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போனேன். வந்து, "அட்டை கிழிந்தது, தைக்க வேண்டும்" என்று குறிப்பு எழுதிச் சேமித்தேன். வழக்கம்போல் அறிவிப்பு, வழக்கம்போல் அழுத்தினேன். மறுநாள் அக்கா டெலிபோன் செய்தாள். அப்பா அந்தப் புத்தகத்தை வாங்கி வந்த கதையை அதே இடத்தில் எழுதியிருந்தாளாம். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி. அத்தனையும் நான் காப்பி குடித்த நேரத்தில் நடந்திருக்கிறது. அந்த ஒரு தடவை அறிவிப்பு உண்மையைச் சொல்லியிருந்தது!

இந்த அறிவிப்பின் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு அப்புறந்தான் வந்தது. விசாரித்ததில், கதை ஆகாய விமானத்தில் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய வருஷங்களில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி டிக்கெட்டுக்கு இடம் பதிவு செய்த விதம் வேடிக்கையானது. சுழலும் அடுக்கு ஒன்றில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கார்டு இருக்கும். அதைச் சுற்றி எட்டுப் பேர். ஓர் இடம் விற்றால் கார்டின் ஓரத்தில் ஓர் அடையாளம் போட வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் அந்த அடுக்கைச் சுற்றி உட்கார இடமில்லை! ஒரு பயணியின் பதிவு முழுதும் முடியச் சராசரி 90 நிமிஷம் ஆயிற்று. 1953-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருவர் உட்கார நேர்ந்தது. ஒருவர் அந்தக் கம்பெனியின் தலைவர் சி. ஆர். ஸ்மித், மற்றவர் ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனையாளர் பிளேர் ஸ்மித். பெயர்ப் பொருத்தத்தில் பேச்சு வளர்ந்தது. அதன் விளைவாகப் பிறந்ததுதான் 'சேபர்' என்ற பதிவு முறை. நியூயார்க் மாகாணத்தில் பிரையர்கிளிப் மேனர் என்ற ஊரில் இரண்டு பெரிய இயந்திரங்களை வைத்து, நாடெங்கும் இருந்த அலுவலகங்களை டெலிபோன் கம்பிகளால் அவற்றோடு இணைத்தார்கள். 1964-ல் வேலை பூர்த்தியாயிற்று.

அடுக்கைச் சுற்றி இருந்த எட்டுக் கைகள் இப்போது நூற்றுக்கணக்கான கைகளாயின. தொல்லையும் அங்கேதான். விமானத்தில் மிச்சம் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் ஒரு குமாஸ்தா 'ஒன்று' என்று பார்க்கிறார். அதே கணத்தில் சிகாகோவிலும் ஒருவர் 'ஒன்று' என்றே பார்க்கிறார். இருவரும் அதை விற்று 'பூஜ்யம்' என்று எழுதுகிறார்கள். கணக்கில் எந்தப் பிழையும் தெரியாது. ஒரே நாற்காலிக்கு இரண்டு பயணிகள் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

நம் ரயில்வேயில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இந்தத் தொல்லை இல்லை என்றே சொல்ல வேண்டும். ரிசர்வேஷன் லெட்ஜர் ஒரு குமாஸ்தாவின் முன்னால் இருந்தால் இன்னொருவர் முன்னால் இருக்க முடியாது. கியூவில் நாம்தான் கால் கடுக்க நின்றோம்!

லெட்ஜரின் இந்தக் குணத்தை இயந்திரத்துக்கும் கற்பிக்க வேண்டும். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் நால்வர் சேர்ந்து 1976-ல் எழுதிய கட்டுரை அதற்கு இலக்கணம் வகுத்தது. கே. பி. ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் என்பவை அவர்கள் பெயர்கள். முதல் பெயரைப் படித்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் சொன்ன விதி இது: வேலைக்கு வேண்டிய பதிவுகளை ஒன்றொன்றாகப் பூட்டிக்கொண்டே போகலாம், ஆனால் ஒரு பூட்டைத் திறந்துவிட்டால் அப்புறம் அந்த வேலைக்காகப் புதிதாக எதையும் பூட்டக் கூடாது. ஜிம் கிரேக்கு 1998-ம் வருஷத்து டூரிங் பரிசு கிடைத்தது. எதுவும் தொலைந்து போகாமல் காப்பதைப் பற்றியே ஆயுள் முழுதும் யோசித்த மனிதர் அவர். 2007 ஜனவரி 28-ந் தேதி, தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் போனார். திரும்பவில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை ஆயிரக்கணக்கானோர் துருவிப் பார்த்தும் படகு அகப்படவில்லை.

பூட்டு நல்லதுதான். ஆனால் பூட்டியவன் என்னைப் போல் காப்பி சாப்பிடப் போய்விட்டால்? கோயம்புத்தூரில் அக்கா காத்துக் கிடக்க வேண்டும். நடுவே லைன் அறுந்தால் சாவியும் போச்சு. ஆகவே 1981-ல் குங், ராபின்சன் என்ற இருவர் வேறொரு வழி சொன்னார்கள். யாரையும் தடுக்காதே, எல்லோரும் தாராளமாகப் படித்துத் திருத்தட்டும். சேமிக்கும் தருணத்தில் மட்டும், 'இவன் எடுத்துப் போனபோது இருந்த மாதிரியே இருக்கிறதா?' என்று சரி பார். இருந்தால் எழுது, இல்லாவிட்டால் நிறுத்து. மோதல் அபூர்வம் என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை இது. என்னை மிரட்டிய அறிவிப்பின் வம்சமும் இதுதான்.

அப்படியானால் நள்ளிரவில் மாற்றிய அந்த வேறொருவர் யார்? மருமகன் விடுமுறையில் வந்து, கோளாறு வந்த பதிவுகளை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தான்.

"மாமா, ஒரு விசித்திரம் பார்த்தீர்களா? அணாவில் விலை போட்ட புத்தகம் ஒன்றுகூட இதில் இல்லை. எல்லாம் 1957-க்குப் பிந்தியவை" என்றான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குப் பாதி, கால், அரைக்கால், வீசம் என்று இரண்டிரண்டாக வகுக்கத்தான் சுத்தமாக வரும். அணா என்பது ரூபாயில் வீசம்; அது பிசகாது. நயா பைசா வந்தது. ஒரு ரூபாய் முப்பத்தைந்து பைசாவை அதனால் துல்லியமாக எழுத முடியவில்லை. தூரத்து இயந்திரம் ஒரு விதமாகவும் என் வீட்டு இயந்திரம் வேறு விதமாகவும் கடைசி இலக்கத்தை வெட்டின. சேமிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் பழையதோடு ஒப்பிட்டால் விலை ஒத்துப்போகவில்லை. உடனே, 'வேறொருவர் மாற்றினார்' என்று கூச்சல்! இரவல் போயிற்றா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்த பதிவுகளிலும் இதே கதை. அங்கே வெறுமை; இங்கே அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது.

பரிகாரம் சுலபமாக இருந்தது. விலையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக்கினான். வெறுமைகளை நிரப்பினான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, யார் தொட்டாலும் தூரத்து இயந்திரமே அதை மாற்றும்படி செய்தான். இனி அந்த ஓர் எண்ணை ஒப்பிட்டால் போதும். பொய் அறிவிப்புகள் அன்றோடு நின்றன.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு டெலிபோன் செய்து, அந்தக் கதையை மறுபடி எழுதச் சொன்னேன்.

"என்னமோ அன்றைக்கு மனசில் வந்தது, எழுதினேன்டா. நாலு வரி இருக்கும். இப்போது கேட்டால் எங்கே வருகிறது?" என்றாள்.

பதிவில் இன்றைக்கும் "அட்டை கிழிந்தது, தைக்க வேண்டும்" என்றுதான் இருக்கிறது.