‘டெக்கோ’ என்னும் சொல்லின் வம்சாவளி

ஆங்கிலேயர் தம்முள் நெருங்கிப் பழகுவோரிடத்து மாத்திரம் வழங்கும் கொச்சைப் பதங்களுள் ‘டெக்கோ’ என்பது ஒன்று. ஒரு பொருளை ‘ஒரு டெக்கோ’ பார்த்து வருவதாக ஒருவன் சொன்னால், அவன் அதை ஆழ்ந்து பரிசோதிக்கப் போகிறான் என்பதில்லை; போகிற போக்கில் எட்டிப் பார்த்து வருவான், அவ்வளவே. இந்தியக் கண்டோன்மெண்டுகளில் வாசம் செய்த வெள்ளைக்காரப் பட்டாளத்தார், ‘பார்’ எனப் பொருள்படும் ‘தேகோ’ என்ற ஹிந்துஸ்தானிச் சொல்லைக் காதால் கேட்டுத் தமதாக்கிக்கொண்டு, பணி முடிந்து கப்பலேறியபோது ஊருக்கும் கொண்டுபோய்விட்டனர்.

அதற்கு முன்பே ‘தேக்’ என்னும் குறுகிய வடிவம் வழக்கில் இருந்தது. கவி மாத்யூ ஆர்னால்டின் தம்பியும், வங்காளப் படையில் உத்தியோகம் பார்த்தவருமான வில்லியம் டெலஃபீல்டு ஆர்னால்டு 1853-இல் வெளியிட்ட ‘ஓக்ஃபீல்டு’ என்ற நாவலில், காலைச் சவாரி முடிந்து திரும்பும் அதிகாரி ஒருவர் நீராவிக் கப்பலை ஒரு ‘தேக்’ பார்ப்பதற்காகச் சற்றே நிற்கிறார். இப்பிரயோகத்தை எடுத்துக்காட்டுவது 1886-இல் அச்சேறிய ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாயிருந்து அரண்மனை ஸம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். அகராதி அச்சில் வந்ததைக் காணாமல் 1882-இலேயே காலஞ்சென்றார். எஞ்சிய பெரும் பாரத்தைச் சுமந்து முடித்தவர் ஹென்றி யூல்.

நம் கவனத்துக்கு உரியது இச்சொல்லின் இலக்கணமே. ஹிந்துஸ்தானியில் மரியாதை தோன்றச் சொல்லவேண்டின் ‘தேகியே’ என்பார்கள். ‘தேகோ’ அத்தகைய உபசாரமில்லாத ஏவல். ‘பக்கடாவ்’, ‘பனாவ்’, ‘லகாவ்’ என அக்காலத்து ஆங்கிலோ-இந்தியர் வாயில் புரண்ட பிற வினைகளும் பெரும்பாலும் ஏவல் வடிவினவே. வேலையாளிடம் அதிகாரம் செய்வதற்கு மேல் பாஷையைக் கற்கும் அவசியம் அவர்களுக்கு நேரவில்லை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆயினும் சொல்லின் குலம் எளியதன்று. காண்டலைக் குறிக்கும் ‘த்ருச்’ என்ற ஸம்ஸ்கிருத தாதுவினின்று கிளைத்த வடிவமும், ‘ப்ரேக்ஷ்’ என்பதன் பிராகிருதச் சிதைவாகிய ‘பெக்க’ என்பதும் கலந்து ‘தேக்க’ என்பது பிறந்ததாகப் பாஷா சாஸ்திரிகள் கொள்வர். தோப்ராவிலிருந்து பெரோஸ் ஷா துக்ளக் டில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும், 1837-இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் வாசித்ததுமான அசோக ஸ்தம்பத்தின் மூன்றாம் சாஸனத்தில், மனிதன் தான் செய்த நன்மையையே காண்கிறான், தீமையைக் காண்பதில்லை என்று சக்கரவர்த்தி சொல்லுமிடத்தில் நிற்கும் வினை ‘தேகதி’ என்பதே. பாசறைக் கேலிப்பேச்சுக்கும் தர்ம சாஸனத்துக்கும் மூலம் ஒன்றாயிருப்பதை நினைத்தால் வியப்பு உண்டாகிறது!

இத்தாது ஆங்கிலத்தை அடைந்த வழி இன்னொன்றும் உண்டு. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்நாட்டை விட்டு மேற்கே சென்ற ரோமா நாடோடிகளின் பாஷையில் ‘திக்’ என்றால் பார்த்தல். அதுவும் ‘த்ருச்’ வழிவந்ததே. அதினின்று பிறந்த ‘டீக்’ என்ற சொல் எடின்பரோவிலும் வட இங்கிலாந்திலும் மக்கள் வாயில் வழங்குகிறது. பின்னாளில் எகிப்து முதலிய நாடுகளிலிருந்த சிப்பாய்கள் ‘ஷுஃப்டி’ என்ற அரபுச் சொல்லையும் இதே பொருளில் சேர்த்துக்கொண்டனர். அதன் கதை வேறு. ‘டெக்கோ’வைக் கொச்சை என்று குறித்து அகராதிகள் ஒதுக்கி வைத்திருப்பினும், ஒரே இந்தியத் தாது ஆங்கிலத்துள் இருமுறை, ஒரு முறை நாடோடியின் வாய்வழியாகவும் மறுமுறை சிப்பாயின் வாய்வழியாகவும் புகுந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.