கோட்டைக்கு வந்த சிறுவர்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறையில் சென்னை செல்லுங்கால், பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் அழைத்துச் செல்லுதல் நன்று. கடற்கரை மணலில் ஆங்கிலேய வணிகர் 1640-இல் எழுப்பத் தொடங்கிய அரண் அது. மதிலும் பீரங்கியும் பிள்ளைகளின் கண்ணைக் கவரும். ஆயினும், நம் ஊர்ப் பிள்ளைகள் நின்று நோக்க வேண்டியது அங்குள்ள அருங்காட்சியகத்துப் பளிங்குச் சிலை ஒன்றையே.

சிலை காரன்வாலிஸ் பிரபுவுடையது. செதுக்கியவர் தாமஸ் பாங்க்ஸ். அதன் பீடத்தில் இரண்டு சிறுவர் பகைவரிடம் ஒப்படைக்கப்படும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. அவர்கள் திப்பு சுல்தானின் மைந்தர்களான அப்துல் காலிக், முயிசுத்தீன் என்போர்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு, சீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. நாட்டில் ஏறத்தாழப் பாதியையும், 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் தருவதற்குத் திப்பு இசைந்தார். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு மாறியது அப்பொழுதுதான். தொகை முழுவதும் செலுத்தப்படும்வரை பிணையாக வேண்டப்பட்டவர் அம்மைந்தர் இருவரும். பிப்ரவரி 26-ஆம் நாள் ஒப்படைக்கப்பட்ட அவர்கள், சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினர்.

இதே சென்னையின் வாயிலில் 1769-இல் படையுடன் வந்து நின்று, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தவர் ஹைதர் அலி. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அவ்வூருக்கு அவருடைய பேரர்கள் பிணையாக வந்தனர். 1780-இல் மைசூர்ப் படை கருநாடகச் சீமையில் புகுந்தபோது ஊரிழந்து ஓடிய தமிழ்க் குடிகளிடையேயும் சிறுவர் இருந்தனர். அவர்களுக்குப் பீடமும் இல்லை, பெயரும் இல்லை.

1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். அவர் மைந்தர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806-இல் அங்குச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பிணையாகத் தொடங்கிய வாழ்வு, ஒரு கோட்டையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்ததன்றி விடுதலை பெறவில்லை.

வென்றோர் செதுக்கிய கல் வென்றோரின் பெருமையையே பேசும். அக்கல்லில் தம் வயதொத்த இருவரைக் காணும் பிள்ளை, "இவர்கள் ஏன் இங்கு வந்தார்கள்?" என்று வினவுமாயின், வரலாற்றுக் கல்வி அங்கே தொடங்கிவிட்டது எனலாம். விடையின் மறுபாதி மைசூருக்கு மிக அண்மையிலேயே, காவிரி சூழ்ந்த சீரங்கப்பட்டண மதில்களில் உள்ளது. இரண்டு கோட்டைகளையும் கண்ட பிள்ளைக்கே அக்கதை முழுமையாகும்.